எட்டாம் நம்பருக்கு நிழல்

ஹப்சிகுடா, ஐதராபாத்
7.4.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

சகுந்தலா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

முதலில் குழந்தைகள் சமாசாரம். நம் பேரன் மாதவுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பதினெட்டுப் பேரை எடுத்துப் பதினோரு பேரைத்தான் நிறுத்திக்கொண்டார்களாம், அதில் இவன் ஒருவன். என்ன வேலையடா என்று கேட்டால், "நக்கோ பாட்டி, வேணாம், சொன்னா உனக்கும் புரியாது, எனக்கும் புரியாது" என்கிறான். என் பெண் வயிற்றுப் பேரன் பாலா கராத்தேயில் பச்சை பெல்ட் வாங்கிவிட்டான். அவன் உங்களுக்குப் பேரன் இல்லை என்றாலும் சந்தோஷப்படுவீர்கள் என்று எழுதுகிறேன். வாங்கிய அன்றைக்கே எங்கள் ஃப்ரிட்ஜ் கதவை உதைத்துக் காட்டினான். கதவைச் சரிசெய்தாயிற்று.

நம் பேத்தி சாஹித்யாவைப் பற்றித்தான் பெரிதாக எழுத வேண்டும். டாக்டர் பட்டத்துக்கு அவள் மூன்று வருஷமாகப் படிக்கிற படிப்பு இப்போது எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. ஒரு பெட்டி. அதற்குள் பிஸ்கட் அளவில் பன்னிரண்டு கறுப்புக் கண்ணாடித் துண்டுகள். எல்லார் வீட்டு மாடியிலும் இப்போது நீலப் பலகை போட்டு வெயிலில் மின்சாரம் எடுக்கிறார்களே, அது வேறு ஜாதி. இதற்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். மூன்று நாள் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாய்க்குள் நுழைந்தது. தோசை மாவைத் தேய்ப்பது போல ஒரு கரைசலைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தேய்த்து லேசாகச் சுட்டால் கறுப்பாகப் படிந்துவிடுமாம். செய்வது சுலபம், மின்சாரமும் நன்றாக வரும். ஒரே ஒரு குறை. சூடேறினால் உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சத்து ஆவியாகப் போய், கறுப்பு வெளிறி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் செத்தது என்று அர்த்தம். சூரியனுக்காகவே பிறந்தது, சூரியச் சூடு ஆகாது! நம் வீட்டு ஆண்கள் மாதிரிதான். சாப்பாடு வேண்டும், சமையற்கட்டு ஆகாது.

அந்தச் சூட்டைத் தாங்குவதற்கு நம் சாஹித்யாவும் அவளுடைய புரொபசர் பக்தவத்சலமும் சேர்ந்து ஒரு பூச்சு கண்டுபிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டில் ஆறுக்குப் பூச்சு உண்டு, ஆறுக்கு இல்லை. எது எது என்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பாரபட்சம் காட்டுவேனாம்! தினமும் உச்சி வேளையில் பெட்டியின் திருகை ஒன்று முதல் பன்னிரண்டு வரை திருப்பி, காட்டுகிற எண்ணை எழுத வேண்டும். முதல் நாள் எல்லாம் நூறு. ஜூன் பதினாலாம் தேதி இதை அவள் ஒரு கமிட்டியின் முன்னால் வைக்க வேண்டும். பூச்சு பலிக்கவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் வேறு தலைப்பு எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். மூன்று வருஷம் போச்சு. குழந்தை இளைத்துத் துரும்பாகியிருக்கிறாள்.

கண் படக்கூடாதே என்று பெட்டியில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். இன்று ஹாஸ்டலிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அய்யோ பாட்டி, மிளகாயோட நிழல் எட்டாம் நம்பர் மேல விழுது! இது மேல எதோட நிழலும் விழக்கூடாது!" அவிழ்த்துவிட்டேன். ஒரு மிளகாய் நிழலுக்கே அத்தனை கோபம்.

இதே போல ஒரு பெட்டி வேலூருக்கும் போயிருப்பதாக உங்கள் பெண் ரஷ்மி போனில் பேசும்போது காதில் விழுந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை, இருக்கட்டும். நீங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தவர், நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் வெயில் என்றால் அது ஐதராபாத் வெயில்தான். வேலூரிலும் வெயில் உண்டு என்கிறார்கள். நம் பிள்ளைகள் கல்யாணம் வேலூரில் நடுக் கோடையில்தான் நடந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்த காபி ஆறிப்போயிருந்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இருந்தாலும், காபி ஆறுகிற ஊரில் என்ன பெரிய வெயில் என்று தோன்றுகிறது.

பதில் தபாலிலேயே போடுங்கள். வாட்ஸாப்பில் எழுதினால் உங்கள் பெண் படித்துவிட்டு, "அத்தை, இதை இப்படியா எழுதுவாங்க" என்று திருத்துகிறாள். தபால்காரர் திருத்துவதில்லை.

இப்படிக்கு,
விஸ்வநாத்தின் தாயார்
சகுந்தலா


சத்துவாச்சாரி, வேலூர்
14.4.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை முதல் நாள் வாழ்த்துகள். தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

முழங்கால் பரவாயில்லை. மாடிக்குப் பத்தொன்பது படி, தினமும் ஏறுகிறேன்.

பெட்டி மார்ச் முப்பதாம் தேதியே வந்துவிட்டது. உங்களுடையது ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வைக்கப்பட்டதாகச் சாஹித்யா சொன்னாள். இரண்டு நாள் மூத்தது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

துண்டுகளுக்கு வருகைப் பதிவேடு திறந்திருக்கிறேன். பள்ளியில் பயன்படுத்தாமல் மீந்த பழைய பதிவேடு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசை எண், தினமும் மதிப்பெண். நேற்றைய நிலவரம்: பன்னிரண்டு பேரும் தொண்ணூற்றொன்பது. உங்கள் பிள்ளைகள் எத்தனை வாங்கியிருக்கிறார்கள் என்று தாங்கள் எழுதவில்லை.

வேலூர் வெயிலைப் பற்றித் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் அரிசி களைய முடியாது, வெந்துவிடும். கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை.

காபியை மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்தேழு ஆண்டுகளில் தாங்கள் இதை மறந்துவிட்டதாகச் சொல்வது என் கணக்கில் பத்தொன்பதாவது முறை.

பாலாவுக்கு என் வாழ்த்து. ஃப்ரிட்ஜுக்கு என் அனுதாபம்.

தங்கள்,
ரஷ்மியின் தாயார்
ஜலஜா


ஹப்சிகுடா
22.4.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பதினெட்டாம் தேதி படித்தேன். பன்னிரண்டு பேரும் தொண்ணூற்றொன்பது என்ற இடத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

என்னுடையவை தொண்ணூற்று மூன்றும் தொண்ணூற்று நாலும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் இல்லை என்று எழுதும்போதே கை கூசுகிறது. முதல் பதினைந்து இருபது நாளைக்கு எல்லாமே ஒன்றுபோலக் கொஞ்சம் இறங்கும், அதற்கப்புறம்தான் வித்தியாசம் தெரியும் என்று சாஹித்யா சொல்லியிருந்தாள். அப்படியானால் வேலூரில் மட்டும் ஏன் இறங்கவில்லை? நான் பார்த்துக்கொள்வதில்தான் ஏதோ குறை என்று பட்டது. இந்த வருஷம் மாடியில் வடாம்கூடப் போடவில்லை. காக்கா பக்கத்தில் வந்தால் தடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். இதற்கு மேல் என்ன செய்ய?

பத்தொன்பதாம் தேதி மதியம் நாற்பத்திரண்டு டிகிரி. எண்களை எழுதிக்கொண்டு நின்றேன். செருப்பு தரையில் ஒட்டுகிறது. எட்டாம் நம்பர் தொண்ணூற்றிரண்டுக்கு வந்துவிட்டது. எட்டாம் நம்பர் மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம். மிளகாய் விவகாரத்தில் என்னால் திட்டு வாங்கியது அது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி கொதிக்கிறது. மனசு கேட்குமா?

விஸ்வநாத்தின் அப்பா வேட்டிகள் இரண்டு அலமாரியில் சும்மாதான் கிடந்தன. மாடியில் துணிக்கொடி இருக்கிறது. பக்கெட்டில் தண்ணீரும் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். இப்போது எண்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன.

எங்கள் ஹாலில் கல்யாண குரூப் போட்டோ மாட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் நாற்பது பேர் இருக்கிறோம், பெண்ணின் அம்மா மட்டும் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று எங்கள் பக்கத்தில் அன்றைக்கே பேச்சு. இன்று தூசி தட்டும்போது தோன்றியது. ஒரு காபிக்கு அத்தனை கோபம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
விஸ்வநாத்தின் தாயார்
சகுந்தலா


வேலூர்
30.4.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்க வேண்டாம் என்று சொன்னதால் வேட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கணக்கில் திடீரென்று தேறிவிட்ட பையனை நான் தனியாகப் பாராட்டியதில்லை; பக்கத்து பெஞ்சையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

எங்கள் பதிவேட்டில் இன்று தொண்ணூற்றெட்டு. பன்னிரண்டு பேருக்கும்.

போட்டோ விஷயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை; தாங்களே பேச்சை எடுத்ததால் எழுதுகிறேன். அன்று தாங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் எல்லோரும் இருக்க, "இது காபியா, கழுநீரா?" என்று கேட்டீர்கள். சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் பந்தி வேலைக்குப் போயிருந்தார். நாற்பத்திரண்டு பேருக்குப் பாலை மறுபடி காய்ச்சி, டிகாக்ஷனைப் புதிதாக இறக்கி, ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்து முடிந்திருந்தது.

நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. சமையற்கட்டில் இருந்தேன்.

கத்திரி நான்காம் தேதி தொடங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்,
ஜலஜா


ஹப்சிகுடா
14.5.2024
(ஸ்பீட் போஸ்ட்)

சம்பந்தி அம்மாவுக்கு,

காபி விஷயம் படித்தேன். அதற்குப் பதில் எழுத இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாஹித்யா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினாள். காபி கலந்துகொண்டு நான் பின்னாலேயே போனேன். பெருமையோடு போனேன் சம்பந்தி அம்மா, அதுதான் கொடுமை. பன்னிரண்டும் கறுகறுவென்று, எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மின்னுகிறது. ஒன்றுகூடத் தொண்ணூற்றொன்றுக்குக் கீழே போகவில்லை. "பார்த்தியாடி" என்றேன்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டி, இதுல ஆறு சாகணும்."

"என்ன பேச்சுடி இது? குழந்தைகளைப் போய்..."

"சாகணும் பாட்டி! பூச்சு இல்லாத ஆறும் செத்து, பூச்சு இருக்கிற ஆறும் பிழைச்சாத்தான் என் பூச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். பன்னண்டும் நல்லா இருந்தா பூச்சு எதுக்குன்னு கேப்பாங்க. என் பூச்சால ஒண்ணுமே ஆகலை. வேலூர்லயும் இதே கதைதான்."

அவள் காபியைக் குடிக்கவில்லை. அது ஆறிப்போனது. டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

பாரபட்சம் காட்டக்கூடாது என்றுதானே சொன்னாள்? நான் காட்டவில்லையே. பன்னிரண்டையும் ஒன்றுபோலத்தான் காப்பாற்றினேன். அதுதான் தப்பாகிவிட்டது.

நேற்றுக் காலை வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் விட மனசில்லை, பாருங்கள். மேல் போர்ஷனில் குடியிருக்கிற இருதயராஜ் பார்த்துவிட்டார். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். விஷயத்தைக் கேட்டு அப்படிச் சிரித்தார்.

"அம்மா, எங்க கம்பெனில மாத்திரையை ஆறு மாசம் சூட்டு ரூம்ல போட்டு வைப்போம். எப்ப கெடும்னு பாக்கத்தான். அங்க நீங்க வேலைக்கு இருந்து, அய்யோ பாவம்னு ஃபேனைப் போட்டிருந்தீங்கன்னு வைங்க, ஊரே கெட்ட மாத்திரை சாப்பிட்டிருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கறுப்புக் கண்ணாடியை நம்பி நாளைக்கு யாராவது வீட்டு மேல் போட்டால், அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நானா வேட்டி கட்டப் போகிறேன்?

உடனே ஹாஸ்டலுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"பாட்டி, எத்தனை நாளு?"

"இருபது நாள். ஞாயிறு தவிர."

"ஞாயிறு எதுக்குத் தவிர?"

"நீ வருவியே."

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பெட்டியை எடுத்துப் போக இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது, கத்திரி வெயில் கெட்டியாக அடித்தால் இப்போதும் பிழைக்கலாம், ஆனால் ஒரு ஈ நிழல்கூட விழக்கூடாது என்றாள். குரலில் அழுகை காய்ந்திருந்தது. இரண்டு வேட்டியையும் இருதயராஜிடம் கொடுத்து, நான் கெஞ்சிக் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இருதயராஜிடம் உங்கள் தொண்ணூற்றெட்டையும் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபிக்கக் கூடாது: "வேலூர்ல அந்த மார்க்குன்னா, அங்கயும் ஒரு வேட்டி இருக்கும்மா."

நான் சாஹித்யாவிடம் உங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் தப்பை மட்டும்தான் சொன்னேன். ஆனால் இரண்டு ஊரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் கமிட்டி ஒப்புக்கொள்ளுமாம்.

சகுந்தலா


வேலூர்
18.5.2024
(ஸ்பீட் போஸ்ட்)

அன்புள்ள சம்பந்தி அம்மா,

வேட்டி இல்லை. குடை.

பணி ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் எனக்கு ஒரு பெரிய கறுப்புக் குடை பரிசளித்தார்கள். கைப்பிடியில் "கடமை தவறாத தலைமை ஆசிரியைக்கு" என்று பொறித்திருக்கும். அதைத்தான் விரித்துப் பெட்டியின் மேல் கட்டி வைத்திருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து. எண் எழுதுகிற நேரம் மட்டும் அவிழ்ப்பேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் எல்லாம் தொண்ணூற்றொன்பதரைக்கு வந்தன. ஐதராபாத்திலும் ஒரு பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். என்றைக்காவது தங்களுக்கு இந்த எண்ணை எழுத வேண்டிவருமே என்று நினைத்தேன். அவ்வளவுதான். தாங்கள் எட்டாம் நம்பர் மேல் இரக்கப்பட்டு மூடினீர்கள். நான் தங்கள் மேல் இருந்த வீம்பில் மூடினேன். இதில் எது பெரிய தப்பு என்று எனக்கு மதிப்பெண் போடத் தெரியும்.

முப்பத்தோரு வருடத்தில் தொடையில் எழுதி வந்தவனைப் பிடித்திருக்கிறேன், செருப்புக்குள் பிட்டு வைத்தவளைப் பிடித்திருக்கிறேன். தங்கள் கடிதத்தில் இருதயராஜ் என்னைப் பிடித்துவிட்டார். முகம் தெரியாத மனிதர்!

கடிதம் வந்த அன்றே சாஹித்யாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "பாட்டி, நீங்க ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பாட்டியும் பேசி வெச்சுக்கிட்டு செஞ்சீங்களா?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு எதையுமே செய்ததில்லை என்றேன்.

அன்று உச்சி வேளையில் குடையை அவிழ்த்தேன். அவிழ்த்தவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்றேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டரைக் கூப்பிடப் போனார்கள். குடையைப் பரண்மேல் போட்டுவிட்டு ஏணியை அவர்கள் வீட்டிலேயே கொடுத்து வைத்திருக்கிறேன்.

இனித் தினமும் எண்களை ஒரு போஸ்ட்கார்டில் எழுதி அனுப்புகிறேன். தாங்களும் அனுப்புங்கள். தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அன்புடன்,
ஜலஜா


ஹப்சிகுடா
16.6.2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

சம்பந்தி அம்மா என்று எழுதி அடித்துவிட்டேன். மூன்று வாரமாகப் போஸ்ட்கார்டில் சாவுச் செய்தி பரிமாறிக்கொண்டவர்களுக்கு அது பொருந்தவில்லை.

முதலில் குழந்தைகள் சமாசாரம். மாதவ் சௌக்கியம். பாலா சௌக்கியம், பெல்ட் நிறம் மாறவில்லை.

சாஹித்யா ஜெயித்துவிட்டாள்.

ஆறு மஞ்சளாகிவிட்டன. ஒன்று, நாலு, ஐந்து, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. உங்கள் போஸ்ட்கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம், வேலூரில் செத்ததும் அதே ஆறு நம்பர். மீதி ஆறும் இரண்டு ஊரிலும் கருவண்டு மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பக்தவத்சலம் சார் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கமிட்டிக்குக் காட்டினாராம். தலைப்பை மாற்ற வேண்டாம், அடுத்த வருஷமே புத்தகத்தை எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

எட்டாம் நம்பருக்குப் பூச்சு இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் சொல்லுங்கள்? முதலில் ஓரம் வெளிறியது. ஐந்தாம் நாள் எழுபது, ஒன்பதாம் நாள் நாற்பது, பதினாறாம் நாள் திருகைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி கிடந்தது. இருதயராஜ் மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டு, "வேட்டி வேணுமாம்மா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

நாம் மூடி வைத்த நாட்களைச் சாஹித்யா மறைக்கவில்லை. பெட்டிக்குள் சூட்டை எழுதி வைக்கிற யந்திரம் ஒன்று இருந்ததாம், நமக்குத் தெரியாது. அதில் தினமும் மதியம் சூடு பொத்தென்று விழுந்து கிடக்கிறது, ஞாயிறு தவிர. என் பெட்டிக்கு மட்டும் ஞாயிறு உண்டு. கமிட்டியில் ஒருவர் அதைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். "எங்க பாட்டிங்க, சார்" என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருமா?" என்றாராம். நிழலில் வைத்தால் எதுவும் கெடுவதில்லை, கெடுத்தது சூடுதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாயிற்று, எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கத்தில் நம் இரண்டு பேர் பெயரும் வரப்போகிறது. உங்கள் பெயர் முதலில். இங்கிலீஷ் எழுத்து வரிசையாம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு அது எங்கே தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, நானும் சரி என்றுவிட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டமான பகுதி.

வேலூரில் அந்த ஆறும் ஐதராபாத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே செத்துவிட்டன. குடையை எடுத்த நாளையும் வேட்டியை எடுத்த நாளையும் தனித்தனியாக எண்ணித்தான் சொல்கிறேன். பத்து விரலிலும் எண்ணினேன். உங்கள் ஊர் வெயில்தான் பெரிய வெயில். ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகு ஒன்று தோன்றியது. அப்படிப்பட்ட ஊரில், நடுக் கோடையில், ஒரு காபி ஆற வேண்டும் என்றால் அது எத்தனை நேரம் காத்துக் கிடந்திருக்க வேண்டும்? நாங்கள் வண்டி ஏறியதே தாமதம். மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இதை நான் இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. காபியைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மறுபடி காய்ச்சிக் கொண்டுவந்த காபியை அன்றைக்கு நான் குடித்தேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஹாலில் இருந்த குரூப் போட்டோவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், அதில் விழாத சமையற்கட்டுதான் கண்ணுக்குத் தெரிகிறது. "அத்தை, ஏன் கழற்றிட்டீங்க?" என்று ரஷ்மி கேட்டாள். வெளிறிவிட்டது என்றேன்.

ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. உங்கள் மாடியில், பெட்டி இருந்த இடத்தில், குடை இல்லாமல் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். புதிதாக எடுத்தது வேண்டும், பழையது எதுவும் வேண்டாம். எதிர்வீட்டுக்காரர்களை எடுக்கச் சொல்லுங்கள், டாக்டரைக் கூப்பிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தபாலில் அனுப்புங்கள்.

அன்புள்ள,
சகுந்தலா